இடது பின்சக்கரம்

பெரியபட்டினம் விலக்கில் பனைக்குக் கீழே நின்றது ஜிப்ஸி.
பதினாலு வருச வண்டி, பத்து நாள் பெயின்ட்.
என் முதல் சந்தேகம் அந்த வெள்ளைதான்.

முனைக்காட்டுக் கரையிலிருந்து பாசி மூட்டை ஏற்ற
மணலில் புதையாத வண்டி வேண்டும்.
போன வாடையில் என் லோடு ஆட்டோ
அச்சுவரை இறங்கி, பதினோரு பேர் தூக்கினார்கள்.
பதினோரு பேரும் இன்றுவரை
என் கணக்கில்தான் டீ குடிக்கிறார்கள்.

"சத்தம் ஏதும் உண்டா?"
"ஒண்ணும் கிடையாது" என்றார் இபுராம்சா,
நேராகக் கண்ணைப் பார்த்து.
பொய் சொல்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று
எழுதாமல் எழுதிக்கொண்டேன்.

மூலைக்கு மூலை ஏறி அழுத்திவிட்டு இறங்கினேன்.
மூன்று மூலை ஒருதரம் எழுந்து அடங்கியது.
இடது பின்மூலை மட்டும்
எதற்கும் தலையாட்டும் சம்பந்தி மாதிரி
ஆடிக்கொண்டே இருந்தது.
ஷாக்கப்சரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது.
ஜோடிக்கு நாலாயிரம்.

சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை சாண் போட்டேன்.
வலப்பக்கம் இரண்டு சாணும் நாலு விரலும்.
இடப்பக்கம் இரண்டு சாணும் இரண்டு விரலும்.
மீதி இரண்டு விரல்
எங்கே போயிற்று?

ஓட்டிப் பார்த்தேன்.
தார் ரோட்டில் வாயே திறக்கவில்லை.
களிமண்குண்டு வண்டிப்பாதையில் இறங்கியதும்
ணொக்.
பள்ளத்துக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று.
பிரேக்கை மிதித்தபடி உருட்டினால் பேச்சில்லை.
விட்டால்,
ணொக்.

"புஷ்தான் அக்கா" என்றான் கூரி.
உச்சிப்புளி பட்டறையில் எல்லா நோய்க்கும்
அவன் வைத்திருக்கும் பேர் அது.
கடப்பாரை விட்டு நெம்பினான். புஷ் அசையவில்லை.
யூ போல்ட்டில் ஸ்பானர் போட்டான். இறுக்கம்.
பட்டைகளைத் தடவி எண்ணினான், ஒன்றும் உடையவில்லை.
ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினான், பேரிங் நல்லது.
ஒவ்வொன்றாக நிரபராதி ஆகிக்கொண்டே வந்தது.
சத்தத்துக்கு மட்டும் ஆளில்லை.

திரும்பி வந்து சூடாகவே கேட்டேன்:
"இது உங்க காதுல விழலியா?"

இடது காதைக் கையால் மூடித் திறந்து காட்டினார்.
"இது எட்டுப் பாகத்துல நின்னுபோச்சு.
சங்குக்குப் போன மூணாம் வருசம்.
டப்புன்னு ஒண்ணு, சூடா கொஞ்சம் ரத்தம்,
அப்புறம் இந்தப் பக்கம் கடலே இல்ல."

ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவருக்கு
இடக்காதுப் பக்கம்தானே வண்டி முழுக்க.
எழுதாமல் எழுதியதை அடித்தேன்.

அதற்குள் கைலியை மடித்துக்கட்டி
அவரே வண்டிக்கடியில் நுழைந்திருந்தார்.
"ஆட்டுங்க."
நானும் கூரியும் ஆட்டினோம்.
உள்ளே ஒரு உள்ளங்கை
பட்டையில் நின்றது, போல்ட்டில் நின்றது, நகர்ந்தது,
கலங்கல் தண்ணியில் மண்ணுக்குள் சங்கு தேடுகிற மாதிரி.
கண்ணை மூடியிருந்தார் என்று கூரி பிறகு சொன்னான்.

"இங்கன இருக்கு."

சேஸில் ஹேங்கர் சேருமிடம்.
ஸ்க்ரூடிரைவரால் கீறினான் கூரி.
கறுப்புத் தார் பாளம்பாளமாக வந்தது.
அடியில் வெல்டைச் சுற்றி மயிரிழை விரிசல்,
அப்பளமாய் அடுக்கடுக்காகத் துரு.
ஓட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கொட்டியது.
என் இரண்டு விரலும் அங்கேதான் இருந்தது.

"தார் நான் அடிச்சதுதான். உப்புக்குப் பயந்து அடிச்சேன்.
கீழ இது இருக்குன்னு தெரியாது."

பாதி நம்பினேன்.
மீதிப் பாதிக்கு நாற்பதாயிரம் குறைத்தேன்.
அவர் முப்பத்திரண்டில் நின்றார்.
டீக்கடையில் முப்பத்தைந்து ஆயிற்று.

கூரி பிளேட் வைத்து வெல்டு அடித்தான்.
இடது பின்சக்கரம் இப்போது வாயைத் திறப்பதில்லை.
கச்சான் கிளம்பும் முன் மூட்டை ஏற்ற வேண்டுமென்று
நானும் தினம் அலைக்குள்தான் பின்வைக்கிறேன்.
சாயங்காலம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன்,
தண்ணீர் லாரி வந்த நாட்களில்.

நேற்றிலிருந்து வலது முன்பக்கம் ஏதோ முனகுகிறது.
போனில் கேட்கவிட்டேன்.
முழுதாகக் கேட்கக்கூட இல்லை கூரி.

"புஷ்தான் அக்கா."